கம்பியில்லா அட்டையும் கட்டற்ற இயங்குதளமும்: எங்கள் நிலைப்பாடு

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதற்குப் பிறகு எங்கள் நிறுவல் முகாம்களுக்குப் பழைய மடிக்கணினியோடு வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காத கணினி. ஆனால் திரை, விசைப்பலகை, நினைவகம் எல்லாம் நன்றாகவே இருக்கும். பழைய இரும்புக்குப் போட மனம் வராமல் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்கிறார்கள். போட்டும் தருகிறோம். அவர்களில் பலர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: வைஃபை வரவில்லை.

இந்தச் சிக்கலைச் சுற்றிக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களிடையே நெடுநாளாக ஒரு விவாதம் நடக்கிறது. மூலநிரல் தரப்படாத ஃபெர்ம்வேர் கோப்புகளை இயங்குதளத்தின் நிறுவல் ஊடகத்தில் சேர்க்கலாமா, கூடாதா என்பதே கேள்வி. எங்கள் குழுவிலும் இரு தரப்பும் உண்டு. இரு தரப்பையும் கேட்டபின் நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது: சேர்க்க வேண்டும். சேர்த்திருப்பதைப் பயனருக்குச் சொல்லிச் சேர்க்க வேண்டும். சேர்த்தாயிற்று என்பதற்காக, அந்த நிரலைத் திறந்து கொடுங்கள் என்று சிப் நிறுவனங்களிடம் கேட்பதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. பொதுப் பணத்தில் கணினி வாங்கும் அரசு, சிப்களின் திறந்த தன்மையைக் கொள்முதல் நிபந்தனைகளிலேயே சேர்க்க வேண்டும்.

ஏன் இப்படி முடிவெடுத்தோம் என்பதை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மடிக்கணினியில் இருக்கும் கம்பியில்லா அட்டை வெறும் ஆன்டெனா இணைப்பு அல்ல. அதற்குள் தனியாக ஒரு சிறு செயலி இருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கர்னலில் இருக்கும் டிரைவர் அந்த அட்டையோடு பேசுகிறது. அட்டைக்குள் ஓடும் நிரலுக்குப் பெயர்தான் ஃபெர்ம்வேர். பெரும்பாலான அட்டைகளில் இது நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் வட்டிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து அட்டைக்குள் ஏற்ற வேண்டும். இன்டெல் அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கான டிரைவர் முழுக்கத் திறந்த நிரல்; லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. ஃபெர்ம்வேரோ இன்டெல் தரும் மூடிய கோப்பு. டிரைவர் இருந்தும் கோப்பு இல்லையென்றால் அட்டை அசையாது.

முகாமில் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்றைச் சொல்கிறோம். நிறுவல் முடிந்திருக்கும். திரை மூலையில் வைஃபை குறி இருக்காது. கர்னல் பதிவைத் திறந்து பார்த்தால், இன்ன கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் -2 என்று ஒரு வரி இருக்கும். -2 என்றால் அந்தக் கோப்பு அங்கே இல்லை என்று பொருள். அட்டையில் பழுதில்லை, டிரைவரில் பிழையில்லை. சில நூறு கிலோபைட்டோ ஓரிரு மெகாபைட்டோ உள்ள ஒரு கோப்பு இல்லை, அவ்வளவுதான். அதைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் லேன் கேபிள் செருகும் துளையே கிடையாது. விவரம் தெரிந்தவர் கைப்பேசியை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, டெதரிங்கை இயக்கி, அதன் வழியே கோப்பை இறக்கிக்கொள்வார். தெரியாதவர், லினக்ஸ் என்றாலே இப்படித்தான் போல என்று முடிவுகட்டிக் கணினியை மூடிவிடுவார். அப்படி மூடிவிட்டுப் போனவர் திரும்பி வருவதில்லை. கட்டற்ற மென்பொருள் இந்த இடத்தில் இழக்கும் ஆட்களின் கணக்கை யாரும் எழுதிவைப்பதில்லை.

இந்த நிலை தானாக வந்ததல்ல. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப்களின் கதை இதற்குப் பெரிய சான்று. அந்த நிறுவனம் நெடுநாள் லினக்ஸுக்கு ஆவணமும் தரவில்லை, திறந்த டிரைவரும் தரவில்லை. தன்னார்வலர்கள் இரு அணிகளாகப் பிரிந்தார்கள். ஓர் அணி மூடிய டிரைவரை ஆராய்ந்து சிப் எப்படி வேலை செய்கிறது என்று விவரக்குறிப்பு எழுதியது. இன்னோர் அணி மூடிய டிரைவரின் பக்கமே போகாமல், அந்தக் குறிப்பை மட்டும் படித்து டிரைவரை எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வரக் கூடாது என்பதற்காக இவ்வளவு கட்டுப்பாடு. அந்த டிரைவர் 2006-இல் கர்னலுக்குள் வந்தது. அப்போதும் ஃபெர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமம் இல்லை. ஆகவே பயனர் ஒவ்வொருவரும் நிறுவனத்தின் மூடிய டிரைவரைத் தாமே இறக்கி, அதிலிருந்து ஃபெர்ம்வேரை வெட்டி எடுக்கும் கருவி ஒன்றை ஓட்ட வேண்டியிருந்தது. இத்தாலியின் பிரெஷா பல்கலைக்கழகத்தில் சிலர் சில பிராட்காம் சிப்களுக்குத் திறந்த ஃபெர்ம்வேரையே எழுதிக் காட்டினார்கள். 2010 செப்டம்பரில்தான் பிராட்காம் தன் புதிய சிப்கள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. ஓர் ஆவணத்தைக் கொடுத்திருந்தால் நேராக முடிந்திருக்கும் வேலையில், திறமையானவர்கள் பலரின் ஆண்டுகள் கரைந்தன.

இன்னொரு சிப் நிறுவனமான ஏதெரோஸ் வேறு வழியில் போனது. அதன் பழைய அட்டைகளுக்கு, ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தின் நிரலாளர் ரேக் ஃப்ளோட்டர் மூடிய பகுதியை ஆராய்ந்து திறந்த மாற்று எழுதினார். லினக்ஸின் டிரைவர் அதன்மேல் வளர்ந்தது. பிறகு 2008-இல் அந்த நிறுவனமே தன் 802.11என் சிப்களுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. அந்த பிசிஐ அட்டைகளுக்கு ஃபெர்ம்வேர் கோப்பே தேவையில்லை. 2013-இல் யூஎஸ்பி வகைக்கான ஃபெர்ம்வேரின் மூலநிரலும் வெளியானது. இன்றும் யாராவது பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்து, உள்ளே அந்த பிசிஐ அட்டை இருப்பது தெரிந்தால், எங்கள் தன்னார்வலர்களின் முகம் மலர்ந்துவிடும். எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் வைஃபை உடனே வரும். ஒரு வணிக நிறுவனத்தால் இப்படித் திறந்து கொடுக்க முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறைச் சிப்கள் மீண்டும் மூடிய ஃபெர்ம்வேருக்கே திரும்பிவிட்டன. அது எங்களுக்கு ஆறாத வருத்தம்.

இனி, நிறுவல் ஊடகத்தில் மூடிய ஃபெர்ம்வேர் கூடவே கூடாது என்போரின் வாதத்துக்கு வருகிறோம். அவர்களை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். டிரிஸ்குவல் போன்ற இயங்குதளங்களும், மூடிய கோப்புகளை அறவே நீக்கிய லினக்ஸ்-லிப்ரே கர்னலும் இந்தக் கொள்கையை விடாப்பிடியாகக் காத்து வருகின்றன. ஒருமுறை வாசலைத் திறந்தால் நிறுவனங்கள் மேல் எந்த நெருக்குதலும் இருக்காது என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. இருந்தாலும் நடைமுறையைப் பார்க்கிறோம். ஃபெர்ம்வேரை அட்டைக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்து விற்றால் அதை வன்பொருளின் பகுதியாகக் கருதி ஏற்கிறார்கள். அதே நிரல் வட்டில் ஒரு கோப்பாக வந்தால் மறுக்கிறார்கள். இரண்டிலும் ஓடுவது மூலநிரல் தெரியாத அதே நிரல்தான். கோப்பாக இருப்பதை ஆராயலாம், புதுப்பிக்கலாம், பழுது கண்டால் மாற்றலாம். கண்ணில் படாததால் ஒன்று கட்டற்றதாகிவிடாது.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டம் இதே கேள்வியை நேராக எதிர்கொண்டது. 2011-இல் வெளியான டெபியன் 6, கர்னலிலிருந்து மூடிய ஃபெர்ம்வேரைப் பிரித்து வெளியே வைத்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாக, தேவைப்பட்டவர்கள் அதிகாரபூர்வமற்ற நிறுவல் கோப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்துத் தங்கள் சமூக ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். 2023 ஜூன் 10 அன்று வந்த டெபியன் 12-இன் அதிகாரபூர்வ நிறுவல் ஊடகம் ஃபெர்ம்வேரோடு வந்தது. எந்தெந்த ஃபெர்ம்வேர் ஏற்றப்பட்டது என்பதைப் பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், வேண்டாம் என்போர் தொடக்கத்திலேயே மறுக்க வழி இருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்மானம் சொல்கிறது. களஞ்சியத்திலும் அவற்றுக்குத் தனிப் பிரிவு உண்டு. நாங்கள் ஆதரிப்பது இந்த முறையைத்தான். எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் கலந்து தரும் முறையை நாங்கள் ஆதரிக்கவில்லை.

திறந்து கொடுங்கள் என்ற கோரிக்கையைக் கொள்கைப் பிடிவாதம் என்று சிலர் தள்ளுகிறார்கள். அவர்கள் 2017-ஐ நினைவில் கொள்ள வேண்டும். பிராட்காம் வைஃபை சிப்களின் ஃபெர்ம்வேரில் இருந்த ஒரு பிழை அந்த ஆண்டு பிராட்புன் என்ற பெயரில் வெளியே வந்தது. பயனர் எதையும் தொடாமலேயே, வைஃபை எட்டும் தூரத்திலிருந்து ஆண்ட்ராய்டு, ஐபோன் கருவிகளின் சிப்பைக் கைப்பற்ற முடிந்தது. திருத்தத்தை நிறுவனம் தர வேண்டும். தரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிய கருவிகளுக்குத் திருத்தம் வரும். விற்பனை முடிந்துபோன பழைய சிப்புக்கு யார் தருவார்கள்? எங்கள் முகாமுக்கு வரும் மடிக்கணினிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. மூலநிரல் இருந்தால் அக்கறையுள்ள யாரோ ஒருவர் திருத்துவார்.

அலைவரிசை விதிகள்தான் தடை என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. பயனர் நிரலை மாற்றி அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் அலைபரப்பினால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். கேள்வி சரியானது, பதிலும் இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனில் இயங்கலாம் என்ற தரவுத்தளம் லினக்ஸில் கையொப்பமிட்டு வைக்கப்பட்டிருக்கிறது. திறந்த டிரைவர்கள் அதன்படியே நடக்கின்றன. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005-இலும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு 2018-இலும் உரிம விலக்கு விரிவாக்கப்பட்டது. இரண்டிலும் திறனுக்கு வரம்பு உண்டு. வரம்பைச் சிப்பில் காக்க வேண்டுமானால் அதற்குரிய அளவீடுகளை மட்டும் பூட்டிவைக்கலாம். முழு நிரலையும் மூடிவைக்க இது காரணமாகாது.

வாங்குகிறவரை ஏய்க்கும் இரண்டு வழக்கங்களையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, ஒரே மாதிரிப் பெயரில் சிப்பை மாற்றுவது. டிபி-லிங்கின் டபிள்யுஎன்722என் என்ற யூஎஸ்பி அட்டை முதல் பதிப்பில் ஏதெரோஸ் சிப்போடு வந்தது. லினக்ஸ் பயனர்கள் ஒருவருக்கொருவர் பரிந்துரைத்து வாங்கினார்கள். இரண்டாம் பதிப்பில் உள்ளே ரியல்டெக் சிப். பெயர் அதேதான், பதிப்பு எண்ணைப் பார்க்காமல் வாங்கியவர் ஏமாந்தார். இரண்டாவது, அட்டையை மாற்றவிடாமல் தடுப்பது. சில மடிக்கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத அட்டையைச் செருகினால் கணினியைத் தொடங்கவே விடாது. இப்போது பல மாடல்களில் அட்டையைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்க்கு வேறு அட்டை வாங்கி மாட்டிக்கொள்ளும் வழியும் அடைபட்டுப் போகிறது. இரண்டு வழக்கங்களையும் நாங்கள் எதிர்க்கிறோம். பெட்டியின் மேல் சிப்பின் பெயர் அச்சிடப்பட வேண்டும்.

அரசிடம் நாங்கள் கேட்பது இதைவிடத் திட்டவட்டமானது. திறமூல மென்பொருளை ஏற்கும் கொள்கையை மத்திய அரசு 2015-இலேயே அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுக்கப்பட்டது. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கி வரும் டெபியன் வழி இயங்குதளம். நல்ல முயற்சி. ஆனால் ஒரு மாணவர் அதை அழித்துவிட்டு உபுண்டுவையோ ஃபெடோராவையோ போட விரும்பினால் அந்த வைஃபை அட்டை ஒத்துழைக்குமா என்பது சிப்பைப் பொறுத்தது. வெளியிலிருந்து தனியாகக் கட்டமைக்க வேண்டிய டிரைவர் என்றால், கர்னல் புதுப்பிக்கப்படும்போது அதையும் மீண்டும் கட்டமைக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத டிரைவர் ஏறவே ஏறாது. பள்ளி மாணவர் இதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

எனவே ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை வேண்டும்: வழங்கப்படும் கணினியின் வைஃபை, புளூடூத் சிப்களுக்கான டிரைவர் மூல லினக்ஸ் கர்னலிலேயே இருக்க வேண்டும், ஃபெர்ம்வேர் தேவையென்றால் யாரும் தடையின்றி மறுவிநியோகம் செய்யும் உரிமத்தோடு வர வேண்டும், ஃபெர்ம்வேரின் மூலநிரலும் தரும் நிறுவனத்துக்கு மதிப்பீட்டில் கூடுதல் புள்ளி கிடைக்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் சிப் நிறுவனம் செவிசாய்க்கும். தனி ஆள் கேட்டால் மின்னஞ்சலுக்குப் பதில்கூட வராது.

மூடிய ஃபெர்ம்வேருக்கு எதிராகக் குரல் கொடுத்ததற்காக ஓபன்பிஎஸ்டியின் தியோ டி ராட்டுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தன் 2004-ஆம் ஆண்டு விருதைக் கொடுத்தது. இருபது ஆண்டுகள் கடந்தும் கேட்க வேண்டியது அதே கோரிக்கைதான். எங்கள் முகாம்களில் இனி ஃபெர்ம்வேரோடு கூடிய நிறுவல் ஊடகத்தையே பயன்படுத்துவோம். எந்தக் கோப்பு ஏற்றப்பட்டது, அதன் மூலநிரல் ஏன் நம்மிடம் இல்லை என்பதைக் கணினியின் உரிமையாளருக்கு அங்கேயே விளக்குவோம். மூடிய ஃபெர்ம்வேர் இல்லாமல் வேண்டும் என்று கேட்பவருக்கு, திறந்த ஃபெர்ம்வேரில் ஓடும் யூஎஸ்பி அட்டை எது, எங்கே கிடைக்கும் என்று சொல்லி உதவுவோம்.

புதிதாக மடிக்கணினி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும்போது லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பணம் கட்டும் முன் அதைச் செருகிக் கணினியைத் தொடங்கி, வைஃபை பட்டியல் திரையில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் வேறு மாடலைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.