நாடகம் பார்த்தால் படிப்பு கெட்டுப்போகுமா?

மகன் லண்டனில் படிக்கிறான். நகையை அடகு வைத்து, பாங்கியில் கடன் வாங்கி அவனை அனுப்பி இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் செல்போனுக்கு ஒரு படம் வருகிறது. நாடகக் கொட்டகை வாசலில் நாலு சிநேகிதர்களோடு மகன் நிற்கிறான். அடுத்த படத்தில் ஓட்டல் மேஜை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பாவுக்குக் கோபம். "இவன் படிக்கப் போனானா, கூத்தடிக்கப் போனானா?" என்கிறார்.

இந்தக் கோபம் பல வீடுகளில் உண்டு. அதில் நியாயமும் உண்டு. கடனைக் கட்டுகிறவருக்குத்தான் அதன் கனம் தெரியும். ஆனால், நாடகத்துக்குப் போவதும், நண்பர்களோடு வெளியே சாப்பிடுவதும் பிள்ளை கெட்டுப்போவதற்கு அடையாளம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதுவும் படிப்பில் ஒரு பாகம் என்பதே என் கருத்து.

இதற்கு ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். அவரைவிடச் சிக்கனமான மனிதரை யாராலும் காட்ட முடியாது. அவர்தான் மகாத்மா காந்தி.

அழுத மாணவர்

காந்திஜி 1888-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பம்பாயில் கப்பல் ஏறினார். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு படிக்கப் போனார். அப்போது அவருக்கு 19 வயது நிறையவில்லை. மதுவைத் தொடுவதில்லை, மாதரைத் தொடுவதில்லை, மாமிசம் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

போன புதிதில் ஊர் பிடிக்கவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. இரவில் வீட்டு நினைப்பு வரும். கண்ணீர் வழியும். யாரிடமும் சொல்லவும் முடியாது.

இன்று போகிற பிள்ளைகளுக்கும் இதே கதிதான். டிசம்பர் மாதத்தில் லண்டனில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலை வரையில் பேச்சுத் துணை கிடையாது. அந்த நேரத்தில், "வா, வெளியே போய்விட்டு வரலாம்" என்று ஒரு நண்பன் கூப்பிடுகிறான். அது செலவுதான். ஆனால் சில நாட்களில் அது மருந்தும் கூட.

சூப்பும் சண்டையும்

காந்திஜியையும் ஒரு நண்பர் அப்படிக் கூப்பிட்டார். முதலில் ஓட்டலில் சாப்பாடு, பிறகு நாடகம் என்று ஏற்பாடு. ஹோல்பர்ன் என்ற ஓட்டலுக்குப் போனார்கள். அரண்மனை மாதிரி பெரிய ஓட்டல். அந்த நண்பருக்கு ஒரு யோசனை. இத்தனை பேர் நடுவில் காந்தி வெட்கப்பட்டுக் கேள்வி கேட்காமல் சாப்பிட்டுவிடுவார் என்று நினைத்தார்.

முதலில் சூப்பு வந்தது. காந்திஜி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். எதற்கு என்று நண்பர் கேட்டார். இது காய்கறி சூப்புதானா என்று தெரிந்து கொள்ளத்தான் என்று காந்திஜி தயங்கிச் சொன்னார். நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு பேர் மத்தியில் நடந்து கொள்ளத் தெரியவில்லை, வேறு எங்கேயாவது சாப்பிட்டுவிட்டு வெளியே காத்திரு என்று சொல்லிவிட்டார்.

காந்திஜி எழுந்து போனார். பக்கத்தில் ஒரு சைவ ஓட்டல் இருந்தது. அது மூடிக் கிடந்தது. அன்று இரவு பட்டினி.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். கோபித்துக்கொண்டு அறைக்குத் திரும்பவில்லை. வெறும் வயிற்றோடு அதே நண்பருடன் நாடகத்துக்குப் போனார். நட்பு முறியவில்லை. தாய்க்குக் கொடுத்த வாக்கும் தவறவில்லை.

வேண்டாத பண்டத்துக்குத்தான் அவர் "வேண்டாம்" என்றார். நண்பரை வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் இந்த வித்தியாசத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

சாப்பிடுவதும் பாடம்

பாரிஸ்டர் ஆவதற்குப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. சட்டச் சங்கத்தின் விருந்துகளிலும் கலந்து கொள்ள வேண்டும். ஒரு பருவத்தில் சுமார் 24 விருந்துகள் நடக்கும். குறைந்தது 6 விருந்துக்காவது போக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பருவம் கணக்கில் சேராது.

இந்த விருந்துகளால் பயன் இல்லை என்று காந்திஜி பிற்காலத்தில் எழுதினார். காரணமும் சொன்னார். முன்காலத்தில் மாணவர்கள் சிலரே இருந்தார்கள். பெரிய வக்கீல்களோடு பேசிப் பழகினார்கள். அதில் உலக அறிவும் பேச்சுத் திறமையும் வளர்ந்தன. காந்திஜி படித்த காலத்தில் பெரியவர்களுக்குத் தனி மேஜை போட்டுவிட்டார்கள். பேச வழி இல்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தட்டில் இருப்பது பாடம் அல்ல. பக்கத்தில் இருப்பவரோடு பேசுகிற பேச்சுதான் பாடம். பத்துத் தேசத்துப் பிள்ளைகள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசும்போது கிடைக்கிற அறிவைப் புத்தகத்தில் மட்டும் தேட முடியாது.

காந்திஜிக்கு அந்த அறிவு சைவ ஓட்டல்களில் கிடைத்தது. பாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்தார். இங்கிலாந்துக்கு வந்த பிறகு அங்கேதான் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டார். அங்கேயே விற்ற சைவ உணவைப் பற்றிய புத்தகம் ஒன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். பிறகு லண்டன் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர் ஆனார். பொது வாழ்வில் அவர் எடுத்து வைத்த முதல் அடிகளில் இதுவும் ஒன்று.

கணக்கு இருக்கட்டும்

அப்படியானால் மனம் போனபடி செலவு செய்யலாமா? கூடாது. காந்திஜியும் கொஞ்ச காலம் ஆடம்பரத்தில் இறங்கினார். 19 ஷில்லிங்குக்குத் தொப்பி வாங்கினார். 10 பவுண்டுக்கு உடுப்பு தைத்தார். நடனம் கற்க 3 பவுண்டு கட்டினார். 3 பவுண்டுக்கு வயலினும் வாங்கினார். சுமார் மூன்று மாதத்தில் விழித்துக் கொண்டார்.

அவரைக் காப்பாற்றியது கணக்கு. ஒவ்வொரு காசையும் எழுதி வைத்தார். தூங்கப் போகும் முன் கூட்டிப் பார்த்தார். வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்த நடந்தே போனார். பிறகு ஒரே அறையில் குடியிருந்து, ஒரு நாள் சாப்பாட்டை 1 ஷில்லிங் 3 பென்ஸில் முடித்தார். அந்த நாளிலும் மத்தியானச் சாப்பாடு வெளியேதான்! சிக்கனம் என்றால் கதவை மூடிக்கொண்டு கிடப்பது அல்ல.

இன்றைய லண்டனிலும் குறைந்த செலவில் நாடகம் பார்க்க வழி உண்டு. ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த பழைய குளோப் கொட்டகை 1599-ல் கட்டப்பட்டது. 1613-ல் எரிந்தது. அது இருந்த இடத்துக்கு அருகில், அதே மாதிரியில் கட்டிய கொட்டகை 1997-ல் திறக்கப்பட்டது. அங்கே மேடைக்கு முன்னால் நின்று பார்க்க மலிவு விலை டிக்கெட் உண்டு. மேலே கூரை கிடையாது. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். குடை பிடிக்கக் கூடாது! லெஸ்டர் சதுக்கத்தில் தள்ளுபடி விலையில் டிக்கெட் விற்கிற கூண்டும் இருக்கிறது.

சாப்பாட்டுச் செலவை நண்பர்கள் பங்கு போட்டுக் கொள்வது அங்கே சகஜம். அதனால் தன் பங்கு இவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதில் வெட்கம் எதற்கு? பட்டப் படிப்பு மாணவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கையில் வருவது கொஞ்சம். "இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் வருகிறேன்" என்று சொல்லப் பழகினால், அந்தக் கொஞ்சத்திலேயே காலம் தள்ளலாம்.

பெற்றோர்களே!

பிள்ளை பாடத்தில் தோற்கிறானா, பொய் சொல்லிப் பணம் கேட்கிறானா என்று பாருங்கள். அப்படி இருந்தால் கண்டியுங்கள். இரண்டும் இல்லை என்றால், மாதத்தில் ஒரு நாள் அவன் சிரித்துவிட்டு வரட்டும். என்ன நாடகம், என்ன கதை, கூட வந்தவர்கள் எந்த ஊர் என்று கேளுங்கள். எவ்வளவு செலவு என்பதைக் கடைசியில் கேளுங்கள்.

முதலிலேயே திட்டினால் அவன் போவதை நிறுத்த மாட்டான். உங்களிடம் சொல்வதைத்தான் நிறுத்துவான். பிள்ளை தூர தேசத்தில் இருப்பது ஒரு கஷ்டம். தூரத்தில் இருக்கிற பிள்ளை வாயையும் மூடிக்கொண்டால், அது அதைவிடப் பெரிய கஷ்டம்.