உளி பிடிப்பது யார் வேலை?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நான் மரத்தில் செய்த மீன் தொட்டியின் படத்தைப் போன வாரம் போட்டதும் நிறையப் பாராட்டுகள் வந்தன. மகிழ்ச்சி. கூடவே, “உங்களுக்கு எதுக்கு சார் இந்த ஆசாரி வேலையெல்லாம்? கொளத்தூர் போனா ரெடிமேடா கிடைக்குமே” என்று நான்கைந்து பேர் எழுதியிருந்தீர்கள். என் மேல் உள்ள அக்கறையில் கேட்டதுதான். ஆனால் படித்தவர் கை வேலை செய்தால் கௌரவம் குறையும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அதோடு எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் தொட்டியைப் பற்றி. உள்ளளவு நீளம் 90 செ.மீ., அகலம் 40 செ.மீ. தண்ணீர் 40 செ.மீ. உயரம் நிற்கும். பெருக்கிப் பாருங்கள், 144 லிட்டர். அதாவது 144 கிலோ. முன்பக்கம் மட்டும் கண்ணாடி. மற்றதெல்லாம் 18 மி.மீ. மரைன் பிளைவுட், உள்ளே எபாக்சி பூச்சு.

‘திரவ அழுத்தம் = ஆழம் × அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம்’. இதை எழுதி மதிப்பெண் வாங்காதவர் உங்களில் யாரும் இல்லை. என் தொட்டியில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? முன் கண்ணாடியைத் தண்ணீர் 72 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. ஒரு வளர்ந்த ஆள் இரவும் பகலும் அதன் மேல் சாய்ந்து நிற்பது மாதிரி. தண்ணீரின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் கண்ணாடியைச் சட்டத்தின் உள்பக்கம் வைத்து சிலிகான் போட்டு ஒட்டுகிறோம். தண்ணீர் தள்ளத் தள்ள அது சட்டத்தோடு இன்னும் நெருங்கி உட்காரும். வெளிப்பக்கம் ஒட்டினால் அதே தண்ணீர் அதைப் பிடுங்கப் பார்க்கும்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் பழைய மாணவர். பத்தாம் வகுப்போடு நின்றவர். இன்று சொந்தமாகத் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். மூலைமட்டம் பிடிக்க, பலகையை இழைக்க, எல்லாம் அவர் பட்டறையில்தான் பழகினேன். சட்டம் சதுரமாக நிற்கிறதா என்று பார்க்க மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளப்பார். இரண்டும் ஒரே அளவு என்றால்தான் அடுத்த ஆணி. செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்ற தேற்றம் அவர் கையில் தினமும் வேலை செய்கிறது. அவருக்குப் படிப்பு வரவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்ப மாட்டேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கைத்தொழில் என்றாலே நம் ஊரில் சந்தேகம் வரும். வரத்தான் வேண்டும். 1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பிள்ளைகள் பழகட்டும் என்றது. பெரியார் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. நல்லதே நடந்தது. தச்சர் பிள்ளை தச்சுதான் பழக வேண்டும் என்பது கல்வியே அல்ல.

ஆனால் அதிலிருந்து நாம் பாதிப் பாடத்தைத்தான் படித்திருக்கிறோம். தச்சர் மகள் டாக்டர் ஆகலாம் என்று ஒப்புக்கொண்டோம். டாக்டர் மகன் உளி பிடிக்கலாம் என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் பாதி மட்டும் இருக்கும்வரை, அந்த வேலையைச் செய்பவருக்கு மரியாதை வராது. எல்லாப் பிள்ளைகளும் பழகினால்தான் எந்தத் தொழிலும் ஒரு பிறப்புக்கு மட்டும் உரியதாக இல்லாமல் போகும்.

“படிக்கவே நேரம் இல்லை, இதில் இது வேறா?” என்று பெற்றோர் கேட்பது எனக்குத் தெரியும். தேர்வு முக்கியம்தான். ஆனால் வாரத்தில் இரண்டு மணி நேரம் அளந்து, அறுத்து, பொருந்தாமல் போய் மறுபடி அறுக்கும் பிள்ளைக்குப் பொறுமை தானாக வரும். தண்ணீரை ஏமாற்ற முடியாது. மூட்டில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் கீழே விரித்த செய்தித்தாள் நனைந்து காட்டிக்கொடுக்கும். அதைவிடக் கண்டிப்பான தேர்வு எது?

பணம் மிச்சமாகும் என்றும் நான் சொல்லவில்லை. கடையில் வாங்கும் தொட்டியைவிட இது மலிவு அல்ல.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குத் தச்சரோ, பிளம்பரோ, எலக்ட்ரீஷியனோ வேலைக்கு வந்தால் பிள்ளைகளை உள்ளே போய்ப் படி என்று விரட்டாதீர்கள். அவரை “வாங்க, உட்காருங்க” என்று அழைத்து, பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வையுங்கள். அவர் சம்மதித்தால் ஒரு ஸ்குரூவையாவது அது முடுக்கட்டும். பேரம் பேசுவதற்கு முன் அந்த ஒரு ஸ்குரூவை நீங்களும் முடுக்கிப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்