விற்றது அங்கே, கணக்கு இங்கே!

வெளிநாட்டில் உள்ள வீட்டை விற்று, அந்நாட்டு அரசுக்கு உரிய வரியையும் செலுத்திவிட்டால், இந்திய வருமான வரித் துறைக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்ற எண்ணம் படித்தவர்களிடையேகூட இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. ஆனால், அத் தவறுக்குச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை நியாயமானதுதானா என்ற கேள்வியும் எழாமல் இல்லை.

ஒரு காலத்தில் இந்த எண்ணத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் ஆதரவே இருந்தது. மலேசியாவின் ஈப்போவில் சொத்து வைத்திருந்த தமிழகச் செட்டியார் நிறுவனம் ஒன்று அதை விற்றதில் கிடைத்த மூலதன ஆதாயம் ரூ. 18 ஆயிரத்துச் சொச்சம். அதற்கு இங்கே வரி உண்டா என்ற வழக்கு சென்னையிலிருந்து தில்லி வரை வந்தது. சொத்து அமைந்துள்ள நாட்டில் "வரி விதிக்கப்படலாம்' என்று இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் கூறுவதால், இந்தியாவில் வரி விதிக்க இயலாது என 2004-ம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 ஆகஸ்டில் மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் அதே சொற்களுக்கு வேறு பொருள் தந்தது. அதன்படி, அத்தகைய வருமானம் இந்தியக் கணக்கிலும் சேரும். அங்கே கட்டிய வரி இங்கே கழித்துக் கொள்ளப்படும்.

ஆகவே, சட்டப்படி இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படும் ஒருவர் உலகின் எந்த மூலையில் வீட்டை விற்றாலும் அந்த ஆதாயத்தை இங்கே தெரிவித்தாக வேண்டும். துபையில் தனிநபரின் வீட்டு விற்பனை ஆதாயத்துக்கு வரி இல்லை. எனவே, வரி முழுவதும் இங்கேதான். பிரிட்டனில் உள்ள வீட்டை விற்பவர், விற்பனை முடிந்த 60 நாள்களுக்குள் அந்நாட்டுக்குக் கணக்குத் தர வேண்டும். பிறகு இங்கேயும் கணக்குக் காட்டி, அங்கே கட்டிய வரியைக் கழித்துக் கொள்ளத் தனிப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். நெடுங்காலம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்களுக்கு முதல் ஓரிரு ஆண்டுகளுக்குச் சலுகை உண்டு. அக் காலத்துக்குள் விற்று, பணத்தையும் வெளிநாட்டிலேயே பெற்றிருந்தால் இங்கே வரி இல்லை. இந்த விவரங்களெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்?

தெரிந்தவர்களையும் தடுமாற வைக்கிறது படிவம். வருமானக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2025 பிப்ரவரியில் வீட்டை விற்றவர் ஆதாயத்தை 2024-25 நிதியாண்டுக் கணக்கில் காட்டிவிடுகிறார். கதை முடிந்தது என்று அவர் நினைத்தால் ஏமாந்துபோவார். 2025-ம் ஆண்டின் முதல் சில வாரங்களில் அந்த வீடு அவர் வசம் இருந்ததால், அடுத்த ஆண்டு தாக்கல் செய்யும் கணக்கின் பட்டியலிலும் விற்றுப்போன அந்த வீடு இடம்பெற்றாக வேண்டும்.

இப்படி ஒரு பதிவு விடுபட்டால் கருப்புப் பணத் தடுப்புச் சட்டம், 2015-ன்படி ரூ. 10 லட்சம் அபராதம் விதிக்கலாம். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதப்பட்டால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் உண்டு. ஸ்விஸ் வங்கியில் கோடிகளைப் பதுக்கியவர்களைப் பிடிக்கப்போவதாகச் சொல்லி இயற்றப்பட்ட சட்டம், வரியை ஒழுங்காகக் கட்டிவிட்டு ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தவரையும் அதே தராசில் நிறுத்துகிறது.

இதை அரசு உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. மொத்தம் ரூ. 20 லட்சத்துக்கு மேற்படாத வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டத் தவறினால் இந்த அபராதம் இல்லை என 2024-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால், வீடும் நிலமும் அந்தச் சலுகையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. 2026 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், மாணவர்கள், இளம் பணியாளர்கள், நாடு திரும்பியவர்கள் போன்ற சிறு வரிதாரர்கள் விடுபட்ட வெளிநாட்டுச் சொத்துகளைத் தெரிவிக்க ஒருமுறை மட்டுமான ஆறு மாதத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சட்டம் அப்பாவிகளையும் சுடுகிறது என்பதற்கு அரசே தந்த ஒப்புதல் வாக்குமூலம் அது. ஆனால், ஆறு மாதம் கழித்து வீட்டை விற்பவருக்கு அதனால் என்ன பயன்?

வரி ஏய்ப்பவர்களுக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆதாயத்தைத் தெரிவித்து வரியையும் செலுத்தியவர் சொத்துப் பட்டியலில் செய்யும் பிழைக்கு, விடுபட்ட தொகைக்கு ஏற்ற சிறு கட்டணம் போதும் என நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். இரண்டு ஆண்டுக் கணக்குகளை ஒன்றாக்க வேண்டும். விதிகளை மக்களின் மொழிகளில் விளக்க வேண்டியது வருமான வரித் துறையின் கடமை.

சட்டத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் காண உச்ச நீதிமன்றத்துக்கும் மத்திய அரசுக்குமே ஆண்டுகள் பல தேவைப்பட்டன. அதை ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ளத் தவறிய குடிமகனுக்கு ரூ. 10 லட்சம் அபராதம் என்பது வரி நிர்வாகம் அல்ல, வெறும் மிரட்டல்!