புறாவுக்கு வேண்டியது மருந்தா, பராமரிப்பா?

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது ஆன்றோர் வாக்கு. அமுதத்திற்கே அந்தக் கதி என்றால், மருந்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

தோழியரே, தேனியிலும் கம்பத்திலும் மொட்டை மாடியில் புறாக்கூடு வைத்திருக்கும் வீடுகளை நீங்கள் அறிவீர்கள். பந்தயத்திற்குப் புறா வளர்ப்பது அண்ணன் தம்பிமார். கூட்டைக் கூட்டித் தண்ணீர் வைப்பது பல வீடுகளில் நாம். பந்தயம் நெருங்கினால், நோயே இல்லாத புறாவுக்கும் முன்னெச்சரிக்கை என்று ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது நன்மை அன்று, தீமையே என்பது என் துணிபு.

ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோடு குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கிறது. கழுத்தைத் திருகும் நோயோ வைரஸால் வருவது. அதற்கு இம்மருந்து பயன்படாது. தொண்டையில் மஞ்சள் கட்டி வரும் நோய்க்கு ரோனிடசோல் என்னும் மருந்து உண்டு. அதுவும் அளவு மீறினால் புறா தள்ளாடும்.

நம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரர்களைக் கேளுங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் நோய் அதற்கு அடங்காது என்பார்கள். புறாக்கூட்டிலும் இதே கதைதான். பந்தயப் புறாக்களின் தொண்டை நோய்க் கிருமி வழக்கமான மருந்தை எதிர்த்து நிற்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1992-இலேயே எழுதினர். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது, குறைந்த அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று எச்சரித்தார். தண்ணீரில் கலந்துவிட்டால், எந்தப் புறா எவ்வளவு குடித்தது என்று யார் அளப்பது?

பழகிய கிருமி கூட்டோடு நிற்பதில்லை. கூட்டிப் பெருக்கும் கைகளுக்கும் வரலாம். மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கோலிஸ்டின் மருந்தைக் கோழி முதலிய உணவுப் பிராணிகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019-இல் தடை விதித்ததும் இத்தகைய அச்சத்தால்தான்.

"மருந்து கொடுக்காமல் தோற்றுப் போனால்?" என்று அண்ணன் கேட்கலாம். நோயுற்ற புறாவை மருந்தால் மறைத்துப் பறக்கவிட்டால், அது வழியிலேயே விழுந்துவிடக் கூடுமே! ஐயம் இருந்தால் எச்சத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லட்டும். தேனியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதன்றோ?

நாள்தோறும் கழுவிய தண்ணீர்ப் பாத்திரம், ஈரமில்லாத கூடு, நெருக்கடியில்லாத இடம், புதிதாய் வாங்கிய புறாவுக்குச் சில வாரத் தனிமை: இவையே முன்னெச்சரிக்கை. தண்ணீர் வைக்கும் கை நம்முடையது. காரணம் கேட்காமல் அதில் மருந்து கலக்க நாம் இசையலாகாது.