தவறணை வாசலும் ஒரு மாலைப் பொழுதும்

கடந்த ஆண்டு ஐப்பசி மாதத்தில் இலண்டனில் வாழும் என் தங்கை குடும்பத்தோடு சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, நகருக்கு வெளியே ஒரு சிறு கிராமத்துக்கு என்னை அழைத்துச் சென்றார்கள். மரங்கள் மஞ்சளும் செம்மையுமாக இலையுதிர்த்துக்கொண்டிருந்த காலம். பழைய கற்கட்டடம் ஒன்றில் இயங்கிய ‘பப்’பில் அமர்ந்தோம். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அடுத்த மேசையில் ஒரு மூதாட்டி பேரப்பிள்ளைகளோடு உணவருந்திக்கொண்டிருந்தார். யாருடைய நாயோ கணப்பின் அருகே உறங்கியது. மைத்துனர் ஒரு பியரை ஒரு மணி நேரமாகக் கையில் வைத்திருந்தார். தங்கை பழச்சாறு அருந்தினாள். பிறகு வீழ்ந்த இலைகளின் மேல் நடந்துபோய், அதே தெருவின் மறுகோடியில் இருந்த இன்னொரு பப்பில் இரவுணவை உண்டோம்.

அப்போது தங்கையின் பன்னிரண்டு வயது மகள் கேட்டாள்: “மாமா, உங்க கஹவத்தையில பப் இருக்கா?”

“இருக்கு” என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல இயலவில்லை. தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அந்த ‘பப்’பைத் தெரியும்.

எங்கள் ஊரில் அதன் பெயர் தவறணை. இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குப் போகும் வீதியில் உள்ள சிறு நகரம் கஹவத்தை. சுற்றிலும் தேயிலையும் இறப்பரும். பள்ளங்களில் மாணிக்கக் குழிகள். நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத்தில் சம்பளம் பத்தாந் திகதி. அம்மா கொழுந்தெடுத்த சம்பளத்தையும் அப்பாவே கைநீட்டி வாங்குவார். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, மலையகம் முழுவதிலும் வெகுகாலம் நிலவிய வழக்கம் அது. அன்று மாலை அம்மா என்னை அழைத்து, “போயி அப்பாவக் கூட்டிக்கிட்டு வாடா, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டுப் போ” என்பார். தங்கையைக் கண்டால் அப்பாவின் மனம் இளகும் என்பது அம்மாவின் கணக்கு.

தவறணையில் கம்பி போட்ட ஒரு சாளரம் இருந்தது. அதன் வழியே காசு உள்ளே போகும், சாராயம் வெளியே வரும். உட்கார ஒரு வாங்கு கிடையாது. உண்பதற்குக் கடலையைத் தவிர ஏதும் கிடையாது. நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடுத்தவருக்கு இடம்விட வேண்டும். ஐப்பசி மழையில் நானும் தங்கையும் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் நிற்போம். சில நாட்களில் அப்பா எங்களோடு வந்துவிடுவார். பல நாட்களில் கடைசிப் பணமும் தீர்ந்த பிறகுதான் வந்தார். நாங்கள் குடும்பமாகக் கழித்த மாலை நேரம் என்றால், எனக்கு நினைவிருப்பது லயத்துக்குத் திரும்பும் அந்த நடைதான்.

எனவே, ‘குடி நல்லது’ என்று வாதிட நான் வரவில்லை. குடியினால் சோறிழந்த வீட்டில் வளர்ந்தவன் அப்படி எழுத முடியாது. நான் கேட்பது வேறொன்று. ஒரே ஆங்கிலேயன் தன் ஊரில் குடும்பத்தோடு அமரும் இடமாக வைத்திருக்கும் ஒன்று, நம் ஊரில் ஏன் கம்பிச் சாளரமாயிற்று?

விடை வரலாற்றில் இருக்கிறது. பிரித்தானியர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. அது அரசுக்குப் பெரும் வருமானம். 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் குத்தகை முறையை மாற்றியதே தவிர, வருமான நோக்கத்தை மாற்றவில்லை. மலைநாட்டில் துரைமாருக்குக் கிளப் இருந்தது. அங்கே டென்னிஸ் உண்டு, நடனம் உண்டு, துரைசானிமாரும் வருவார்கள். தொழிலாளிக்குக் கொடுக்கப்பட்டது தவறணை. ஒருவன் அமர்ந்து பேசி மகிழ வேண்டும் என்பதற்காக அது கட்டப்படவில்லை. உழைத்த காசு எவ்வளவு விரைவாகக் கைமாறும் என்பதற்காகவே கட்டப்பட்டது.

இங்கிலாந்தின் பப்பும் எப்போதும் குடும்ப இடமாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1908ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை மது பரிமாறும் கூடத்துக்குள் அனுமதிக்கவில்லை. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946இல் தமது இலட்சியப் பப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைக் குறைகூறினார். பிள்ளைகளை விலக்கினால் தாய்மாரும் விலகிப்போவார்கள், அப்புறம் எஞ்சுவது வெறும் குடிக்கடையே என்பது அவர் வாதத்தின் சாரம். கஹவத்தைத் தவறணையைக் கண்டிருந்தால் அவர் தம் வாதத்துக்கு வேறு சான்று தேடியிருக்க மாட்டார்.

நமது நாட்டுச் சட்டமோ பெண்ணை வேறு விதமாக நடத்தியது. பெண்களுக்கு மது விற்பதை 1979ஆம் ஆண்டின் அறிவித்தல் ஒன்று தடைசெய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார்; சில நாட்களுக்குள்ளேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தரவால் தடை மீண்டும் வந்தது. கொழும்பில் அப்போது பெரும் விவாதம் நடந்தது. பெண்ணுக்கு வாங்கும் உரிமை உண்டா, பண்பாடு என்னாகும் என்றெல்லாம் பேசினார்கள். தன் சம்பளம் தவறணைக்குள் போவதை வெளியே நின்று பார்த்த பெண்ணைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

தவறணையை மூடிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மூடினால் கசிப்பு வரும், வந்தும் இருக்கிறது. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, ஒரு போத்தல் சாராயத்தின் விலை அதன் இருமடங்குக்கும் மேலாக இருந்தது. விலையை ஏற்றுவதும் கதவை அடைப்பதும் மனிதனை மாலையில் எங்கே அனுப்பும் என்பதை யோசித்தே ஆக வேண்டும்.

ஏனெனில் தோட்டத்தில் மாலைக்கென்று ஓரிடம் இல்லை. லயக் காம்பறா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. கோயில் திருவிழா ஆண்டுக்கு ஒருமுறை. சப்ரகமுவத் தமிழர் இருட்டியபின் வெளியே போகத் தயங்குவதற்கு 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் தீவைப்புகளும் ஒரு காரணம். 2008இலிருந்து சில ஆண்டுகள் கஹவத்தையின் கொட்டகெத்தனப் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அக்காலத்தில் எந்த இனத்துப் பெண்ணும் அங்கு மாலையில் வாசலில் நிற்கவும் அஞ்சினாள். ஆணுக்குத் தவறணை, பெண்ணுக்குப் பூட்டிய கதவு என்பதே எங்கள் ஊர் மாலையின் பங்கீடு.

வேறு வழி இல்லாமலில்லை. கேரளத்தில் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் பரிமாறும் கள்ளுக்கடைகள் சிலவற்றில் குடும்பங்களுக்கென்று தனி அறை உண்டு. நமக்குக் கள்ளுக்கடைகூட வேண்டாம். வெளிச்சமும் நாற்காலியும் உள்ள ஒரு மண்டபம், இரவு ஒன்பது வரை தேத்தண்ணியும் ரொட்டியும் கிடைக்கும் ஒரு கடை, பயமின்றித் திரும்ப விளக்குள்ள ஒரு பாதை, இவை போதும். தவறணைக்கு உரிமம் வழங்குமுன் அவ்வூர்ப் பெண்களின் கருத்தைக் கேட்கட்டும். தீபாவளி முற்பணத்தை உழைத்தவளின் கையிலேயே கொடுக்கட்டும். தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சம்பளத்துக்குப் பேசும் மேசையில் இந்த மாலை நேரத்தையும் ஒரு கோரிக்கையாக வைக்கட்டும்.

அப்பா மறைந்து இருபது ஆண்டுகளாகின்றன. அவரைக் கெட்டவர் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. காலை ஆறு மணிக்குப் பிரட்டுக்களத்தில் நின்று, நாள் முழுவதும் இறப்பர்ப் பால் வெட்டிய மனிதருக்கு அந்தியில் உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. அவருக்குக் கிடைத்த ஒரே இடத்தில் உட்காரவும் முடியாது, எங்களை உள்ளே அழைக்கவும் முடியாது.

மருமகளின் கேள்விக்கு நான் பதில் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த முறை அவள் கஹவத்தைக்கு வரும்போது, “இங்கே உட்காரலாம், எல்லோரும் வாருங்கள்” என்று சொல்ல ஓர் இடம் இருக்க வேண்டும்.