பூட்டி வைத்த பாட்டால் யாருக்கு லாபம்?

அமெரிக்க இசைத்தட்டு கம்பெனிகளின் போக்கு விசித்திரமாக இருக்கிறது. பாட்டு அவர்களிடம் இருக்கிறது. காசு கொடுத்து வாங்க ஆளும் இருக்கிறது. ஆனால், விற்க மாட்டார்களாம்!

நாம் சொல்வது "ரீமிக்ஸ்" பாட்டுகளை. இருக்கிற பாட்டையே ஆடுவதற்குத் தோதாகத் தாளம் கூட்டி, நீட்டித் தருவதுதான் ரீமிக்ஸ்.

1970-களில் நியூயார்க்கில் டாம் மோல்டன் என்பவர் இப்படி ஒரு பாட்டை மாதிரித் தட்டில் பதியப் போனார். 7 அங்குலத் தட்டு தீர்ந்து போச்சு. 10 அங்குலத் தட்டில் பதிந்து பார்த்தார்கள். ஓசை கணீரென்று கேட்டது! அடுத்து 12 அங்குலத் தட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தட்டு யாருக்குக் கிடைத்தது? நடன விடுதியில் பாட்டு போடும் டி.ஜே.க்களுக்கு மட்டும். அதுவும் ஓசியில், விளம்பரத்துக்காக! விடுதியில் கேட்டு மயங்கியவன் கடைக்குப் போனால் கிடைக்காது.

1976-ல் சால்சோல் கம்பெனி துணிந்தது. வால்டர் கிப்பன்ஸ் ரீமிக்ஸ் செய்த "டென் பர்சென்ட்" பாட்டை 12 அங்குலத் தட்டில் பொதுமக்களுக்கே விற்றது. சின்னப் பாட்டு 9 நிமிஷத்துக்கு மேல் ஓடியது. ஜனங்கள் வாங்கினார்கள். மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன.

ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. டி.ஜே.க்களுக்கு மட்டும் என்று தனித் தட்டு போடுவது தொடர்ந்தது. ரீமிக்ஸ் செய்தவருக்குப் பெரும்பாலும் ஒரே தடவை கூலி, உரிமை கம்பெனிக்கு. கிராமியில் ரீமிக்ஸுக்கென்று தனி விருது வரவே 1998 ஆகிவிட்டது. பிராங்கி நக்கிள்ஸ் அதை முதலில் வாங்கினார்.

இன்று கைபேசியில் கோடிக்கணக்கான பாட்டு கிடைக்கிறது. ஆனால் பழைய 12 அங்குல ரீமிக்ஸைத் தேடினால் பல சமயம் சின்னப் பாட்டுதான் வருகிறது. ரசிகன் பழைய தட்டுக் கடையில் கொள்ளை விலை கொடுக்கிறான். அதில் ஒரு காசுகூடப் பாடியவருக்குப் போவதில்லை. யாராவது நகல் எடுத்துக் கொடுத்தால் மட்டும் 'திருட்டு' என்று கம்பெனி குதிக்கிறது!

நகல் எடுப்பது குற்றம்தான். விற்காமல் பூட்டி வைத்து அந்தக் குற்றத்துக்கு வழி விடுவது யார்?

பூட்டிய அறையில் பத்திரமாக இருக்கிறது என்பார்கள். 2008 ஜூன் 1-ந் தேதி ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டூடியோவில் தீப்பிடித்தது. மூல நாடாக்கள் எரிந்தன. எவ்வளவு பெரிய நஷ்டம் என்ற பேச்சு வெளியே வரவே 2019 ஆனது.

கம்பெனிகள் உடனே நாடாக்களைத் தூசி தட்டட்டும். நியாய விலை வைத்து விற்கட்டும். ரீமிக்ஸ் செய்தவருக்கும் பங்கு கொடுக்கட்டும். நாடா சாம்பலான பிறகு உரிமைப் பத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்கள்?