வைகைக் கரைக்கு ஒரு சைக்கிள் பாதை

ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றோரம், ஜெர்மனியின் பாசாவிலிருந்து வியன்னா வரை 300 கி.மீ.க்கு மேல் சைக்கிள் பாதை போகிறது. குடும்பம் குடும்பமாக மிதித்துச் செல்கிறார்கள். வழியோர ஊர்களுக்கும் வருமானம். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கி.மீ. ஓடும் வைகைக்கு என்ன குறை? வைகை அணைக்குக் கீழே பெரும்பாலும் சமவெளி. கியர் இல்லாத சாதாரண சைக்கிளே போதும். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால், கீழடியில் அருங்காட்சியகம், மானாமதுரையில் ஈரக் கடத்தைப் பலகையால் தட்டித் தட்டிக் கனம் பார்க்கும் கைகள் என வழியெல்லாம் காட்சிதான். மதுரைக்குள் ஆற்றோரம் சாலை போட்டாகிவிட்டது. அதில் மோட்டார் வண்டிகளே பறக்கின்றன. ஓரமாகச் சைக்கிளுக்கு இடம் ஒதுக்குங்கள், நிழலுக்கு மருதும் புங்கையும் நடுங்கள். கரையில் மக்கள் நடமாடினால்தான் குப்பை கொட்டுகிறவர்களின் கை கூசும், ஆறும் பிழைக்கும்.